மகனின் மனசுக்கு 38 மார்க்கா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய்ப் படிக்கிறான். பள்ளியில் கம்ப்யூட்டரில் ஏதோ தேர்வு வைத்து, ‘உணர்வு விழிப்பு 38%, குறைவு’ என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். சரிசெய்ய மூன்று மாதப் பயிற்சியாம், அதற்குத் தனிக் கட்டணமாம். அவன் அதிகம் பேசமாட்டான். ஆனால் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்தை விட்டு நகரமாட்டான். பயப்பட வேண்டுமா? அடுத்த மாதம் மகளுக்கும் இதே தேர்வு.

பதில்: அம்மா, இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் ஒன்றைக் கேளுங்கள்: கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளை என்ன செய்தான்? கட்டத்தில் டிக் அடித்தானா, பதில் எழுதினானா, இல்லை கேமரா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததா? இவை மூன்றும் வேறு வேறு சங்கதி.

டிக் அடிக்கும் வகையில் கம்ப்யூட்டருக்குக் கூட்டல் வேலைதான். 1994-ல் வந்த டொரண்டோ அலெக்ஸிதைமியா அளவுகோல் இந்த ரகம்; 20 கேள்விகள். தன் உணர்வு என்னவென்று தனக்கே பிடிபடாமல், சொல்லவும் வராமல் இருப்பதுதான் அலெக்ஸிதைமியா. ‘எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே புரிவதில்லை’ என்பதுபோல வாக்கியங்கள் வரும். எவ்வளவு பொருந்துகிறது என்று குறிக்க வேண்டும். தன் மனசு தனக்குப் பிடிபடாதவன் அதையும் தானே கவனித்துச் சொல்ல வேண்டும் என்பது இதன் பழைய சிக்கல்.

எழுதும் வகைதான் சுவாரஸ்யமானது. ரிச்சர்ட் லேன், கேரி ஸ்வார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் உணர்வு விழிப்பை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்திருப்பதை, படிப்படியாக விளக்கினார்கள். அதை வைத்து 1990-ல் 20 சூழ்நிலைகள் கொண்ட அளவுகோல் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்வி: உனக்கு எப்படி இருக்கும்? எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்?

உங்கள் ஊருக்கு ஏற்றாற்போல் நானே ஒரு சூழ்நிலை சொல்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாலிபால் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் உங்கள் மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவனுடைய நெருங்கிய நண்பனை இறக்குகிறார் பயிற்சியாளர். ‘அவர் செய்தது தப்பு’ என்று எழுதினால் மார்க் பூஜ்யம். அது கருத்து, உணர்வு இல்லை. ‘தலை வலிக்கும்’ என்றால் 1. ‘எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன்’ அல்லது ‘ஒரு மாதிரி இருக்கும்’ என்றால் 2. ‘கோபம் வரும்’ என்றால் 3. ‘கோபமாக இருக்கும், ஆனாலும் அவனுக்கு வாய்ப்புக் கிடைத்ததில் சந்தோஷம்’ என்றால் 4. நண்பனின் மனநிலையையும் அதே நுணுக்கத்தோடு, தன்னுடையதிலிருந்து பிரித்து எழுதினால் மொத்தம் 5.

முதலில் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் இதைத் திருத்தினார்கள். நேரம் தின்னும் வேலை. கிம்பர்லி பார்ச்சர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010-ல் அதற்கொரு கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டார்கள். சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பு இருக்கும்; பதிலில் அந்தச் சொற்களைத் தேடிக் கணக்குப் போடும். மனிதர் போட்ட மார்க்கோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஒரே ஒரு பையனைப் பிடித்து ‘நீ குறைவு’ என்று முத்திரை குத்த அதை நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் மகன் எந்த மொழியில் எழுதினான் என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் என்றால், ‘ஐ வில் ஃபீல் பேட்’ என்று முடித்திருப்பான். அதற்கு 2-க்கு மேல் கிடைக்காது. அதே பையன் பாட்டியிடம், ‘எனக்கு வெறுப்பாத்தான் இருந்துச்சு ஆயா, ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா பாவமாவும் இருந்துச்சு’ என்பான். அது 4. தமிழில் எழுதியிருந்தாலும் தப்பிக்க முடியாது. ‘வயிறு எரியுது’ என்பதை உடம்புக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நிரல் 1 மார்க் போடக்கூடும். நமக்கு அது பொறாமையா ஆற்றாமையா என்பது சொன்ன தொனியிலேயே தெரியும். தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு இரண்டு சொல்லில் முடிக்கும் பிள்ளைக்கும் மார்க் குறையும். ஆகவே, தமிழ்ப் பிள்ளைகள் பலரிடம் வைத்துப் பார்த்துச் சராசரி கண்டிருக்கிறார்களா, அவன் எழுதிய பதில்களைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். காட்டமாட்டோம் என்றால் அந்த 38-க்கு அர்த்தமே இல்லை.

கேமரா என்றால் பேச்சை வளர்க்காதீர்கள். முகச்சுளிப்பை வைத்து மனசைச் சொல்லிவிட முடியாது. அதுவும் அது அளப்பதாகச் சொல்வது முகத்தில் தெரியும் உணர்ச்சியை, தன் உணர்வைப் பிள்ளை அறிந்திருக்கிறானா என்பதை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் இப்படி உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது.

பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்று நீங்கள் எழுதியது எனக்கு அந்த ரிப்போர்ட்டைவிடப் பெரிய தகவல். அதிகம் பேசாததை மட்டும் வைத்து அதைக் குறையாக எண்ண வேண்டாம். பஸ்ஸில் நடந்த சண்டையை அவன் சொன்னால், ‘உனக்கு எப்படி இருந்துச்சு? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மார்க் போடாதீர்கள்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போவது, நண்பர்களை ஒதுக்குவது, பள்ளிக்குப் போக மறுப்பது, செத்துப்போகலாம் என்ற பேச்சு: இவற்றில் ஏதாவது இருந்தால் மார்க்கைப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அன்றைக்கே. கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மகள் எழுதும் தேர்வாக இருந்தால் எழுதட்டும். தமிழில் எழுத அனுமதி கேளுங்கள். கேமரா என்றால் சம்மதமில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகனுடைய பதிவுகள் எங்கே, எத்தனை நாள் இருக்கும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.