கேள்வி – பதில்: சங்கத்தின் வாசலில் கேட்கப்பட்டவை

புத்தர் சாதியை ஒழித்தார் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். உண்மைதானா?
– கரூர் வாசகர்

துறவிகளின் அமைப்பான சங்கத்துக்குள் ஒழித்தார். ஊருக்குள் அதை ஒழிக்க அவர் விதி எதுவும் செய்யவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் முடிவதே இல்லை.

கங்கை, யமுனை, அசிரவதி, சரபு, மகி ஆகிய ஆறுகள் கடலில் சேர்ந்ததும் தம் பெயரை இழப்பதுபோல, நான்கு வருணத்தாரும் சங்கத்தில் சேர்ந்ததும் பழைய பெயரை இழக்கிறார்கள் என்கின்றன பாலி நூல்கள். இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. யார் யாரை வணங்குவது, யாருக்கு முதல் இருக்கை என்பதையெல்லாம் துறவு ஏற்ற நாளைக் கொண்டே கணக்கிட்டார்கள். சாக்கிய இளவரசர்கள் சிலர், தங்களிடம் வேலை பார்த்த நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு தரும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் மூத்தவராகிவிட்டால் இவர்கள் அவரை வணங்கியே ஆக வேண்டும். குலச்செருக்கு அடங்கும் என்பது அவர்கள் எண்ணம். பிற்காலத்தில் ராசகிருகத்தில் கூடிய முதல் பௌத்த மாநாட்டில், துறவிகளுக்கான ஒழுக்க விதிகளான விநயம் முழுவதையும் ஓதியவர் அந்த உபாலிதான்.

ஊர் விஷயத்தில் புத்தர் வாதம் செய்தார். யவனர், காம்போசர் நாடுகளில் ஆண்டான், அடிமை என்று இரண்டே பிரிவுகள், ஆண்டான் அடிமையாவதும் அடிமை ஆண்டானாவதும் அங்கே உண்டு, அப்படியிருக்க நான்கு வருணம் எப்படி இயற்கையாகும் என்று அஸ்ஸலாயனன் என்ற பிராமண இளைஞனைக் கேட்டார். ஆனால் அதே நூல்கள் வருணங்களை வரிசைப்படுத்தும்போது சத்திரியரைத்தான் முதலில் வைக்கின்றன. தாழ்ந்தவையாகக் கருதப்பட்ட சண்டாளர், புக்குசர் குலங்களில் பிறப்பது முன்வினைப் பயன் என்றும் பேசுகின்றன. இதை மறைத்துவிட்டு பௌத்தத்தைப் பாராட்டுவது அதற்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் பிக்கு ஆகியிருக்கலாமா?
– திருச்சி வாசகி

இல்லை. குலம் கேட்கவில்லையே தவிர, வேறு பல கேள்விகளைக் கேட்டார்கள். முழுத் துறவான உபசம்பதைக்கு, கங்கைச் சமவெளியை ஒட்டிய மத்திய தேசத்தில் குறைந்தது பத்துப் பிக்குகள் கூட வேண்டும். எல்லைப்புற நாடுகளில் விநயம் அறிந்த ஒருவர் உட்பட ஐவர் போதும். முதலில் குட்டம், கட்டி, வெண்தோல் நோய், க்ஷயம், வலிப்பு என ஐந்து நோய்கள் உண்டா என்று கேட்பார்கள். பிறகு, நீ மனிதனா, ஆணா, அடிமை அல்லாதவனா, கடன் இல்லாதவனா, அரசன் படையில் இல்லாதவனா, தாய் தந்தையர் அனுமதி உண்டா, இருபது வயது நிறைந்ததா, பிச்சைப் பாத்திரமும் துறவி உடையான சீவரமும் இருக்கின்றனவா என்று கேட்பார்கள். கடைசியில் அவன் பெயரும் அவன் ஆசிரியர் பெயரும். அதன்பின் சபையில் ஒருமுறை விண்ணப்பம், மூன்று முறை அறிவிப்பு. யாரும் வாய் திறக்காவிட்டால் ஒப்புதல்.

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு சிக்கல் இருந்தது. மகத அரசர் பிம்பிசாரரின் வீரர்கள் எல்லைப் போருக்கு அனுப்பப்பட்டபோது நழுவிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களைச் சேர்த்தவர்களுக்கு என்ன தண்டனை என்று அரசர் தம் அதிகாரிகளைக் கேட்க, 'ஆசிரியரின் தலையை வெட்ட வேண்டும், அறிவித்தவரின் நாக்கைப் பிடுங்க வேண்டும், சபையாரின் விலா எலும்பில் பாதியை முறிக்க வேண்டும்' என்றார்கள். படையாளுக்குக் கதவு அடைபட்டது. மருத்துவர் ஜீவகரிடம் சிகிச்சை பெறவே நோயாளிகள் துறவு பூண்டு, குணமானதும் திரும்பிப் போனார்கள். நோய் பற்றிய கேள்வி வந்தது. புத்தரின் மகன் ராகுலன் துறவியானதில் மனமுடைந்த பாட்டனார் சுத்தோதனர் வேண்டிக்கொண்டதால் பெற்றோர் அனுமதி வந்தது.

அரசன், கடன் கொடுத்தவன், அடிமையை உடையவன், பெற்றோர் என்று யாருக்கெல்லாம் ஒருவன் மேல் உரிமை இருந்ததோ, அவர்கள் எல்லோரையும் சங்கம் மதித்தது. அதனால்தான் அது அரசர்களோடு மோதாமல் நீடித்தது என்பது எங்கள் கருத்து. அதற்கான விலையைக் கொடுத்தவன் அடிமை.

பெண்களுக்கும் இதே மூப்பு விதிதானா?
– மதுரை வாசகி

இல்லை, இங்கே அது உடைகிறது. புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கோதமிக்கு விதித்ததாக நூல்கள் சொல்லும் எட்டு நிபந்தனைகளில் முதலாவது: துறவேற்று நூறு ஆண்டு ஆன பிக்குணியும், அன்று காலை துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும். அவளுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி வேறு. பிறகு பெண் சங்கம், ஆண் சங்கம் இரண்டின் ஒப்புதலும் வேண்டும். நாவிதருக்குக் கிடைத்த நியாயம் அரண்மனைப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

உபநயனம் எல்லோருக்கும் ஒரே வயதிலா?
– கும்பகோணம் வாசகர்

ஆபஸ்தம்ப தருமசூத்திரப்படி பிராமணனுக்கு வசந்தத்தில் 8, சத்திரியனுக்குக் கோடையில் 11, வைசியனுக்கு இலையுதிர் காலத்தில் 12. கருவுற்றதிலிருந்து கணக்கு. (பிக்குவின் இருபது வயதுக்கும் கருக்காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விநயம். இரு தரப்புக்கும் கணக்கு முறை ஒன்றுதான்.) முறையே 16, 22, 24 வரை தள்ளிப் போடலாம், அதையும் தாண்டினால் பிராயச்சித்தம். இடுப்புக் கயிறும் ஆளுக்கு ஆள் வேறு: முஞ்சைப் புல், வில்லின் நாண், கம்பளி நூல். சூத்திரனுக்கு உபநயனம் இல்லை, ஆகவே வேதக் கல்வியும் இல்லை. ரிக்வேதத்தில் 'சூத்திரன்' என்ற சொல் வருவது பத்தாம் மண்டலப் புருஷ சூக்தத்தில் மட்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அடைப்பு எவ்வளவு வேகமாக இறுகியது என்பது புரியும்.

பௌத்தத் தூபிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?
– சேலம் வாசகர்

சாஞ்சியில் கல்லே சொல்கிறது. வணிகர், குடும்பத் தலைவர், பெண்கள், பிக்குகள், பிக்குணிகள் எனப் பலரின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் பெயரோடு ஊரைச் சொல்வார்கள், சிலர் தொழிலைச் சொல்வார்கள்; வருணத்தைச் சொல்பவர் அரிது. தெற்குத் தோரண வாயிலின் ஒரு தூணில், இந்தச் சிற்ப வேலை விதிசை நகரின் யானைத் தந்த வேலைக்காரர்கள் செய்தது என்று எழுதியிருக்கிறது.