நைஜீரியா எப்படிப்பட்ட நாடு? மக்கள், வரலாறு, ஆட்சி, பொருளாதாரம் பற்றிச் சொல்ல முடியுமா?

நைஜீரியாவின் பெரிய நகரமான லாகோஸிலிருந்து உங்களுக்கு வேலைக்கு ஆஃபர் வந்திருக்கும், வீட்டில் "நைஜீரியாவா, வேண்டவே வேண்டாம்" என்றிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. லாகோஸில் ஒரு இந்திய வர்த்தக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். "லாட்டரி மெயில் அனுப்பி ஏமாற்றுகிற ஊர்தானே" என்று நம் ஆட்கள் ஒரே வரியில் முடித்துவிடுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். மோசடியே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. 20 கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டுக்கு அது மட்டுமே அடையாளமா?

அந்த 20 கோடியே மதிப்பீடுதான். கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006ல். தலைக்கணக்கை வைத்துத்தான் தொகுதியும் பணமும் பிரியும் என்பதால் ஒவ்வொரு கணக்கெடுப்பும் அங்கே சண்டையில்தான் முடிந்திருக்கிறது. வடக்கே ஹௌசா, ஃபுலானி, பெரும்பாலும் முஸ்லிம்கள். தென்மேற்கே யோருபா, தென்கிழக்கே இக்போ. இவை பெரிய இனங்கள் மட்டும்தான், மொத்த மொழிகள் 500ஐத் தாண்டும். இவர்களை ஒரே நாடாக்கியது பிரிட்டிஷ்காரன். 1914ல் கவர்னர் லூகார்ட் வடக்கையும் தெற்கையும் இணைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், வடக்கு நிர்வாகத்தில் விழுந்த துண்டைத் தெற்கின் சுங்க வருமானத்தை வைத்துச் சரிக்கட்டுவது. கணக்குப் பிள்ளையாக இதைப் படித்தபோது எனக்குப் பல விஷயம் விளங்கியது, இன்றைக்கும் அங்கே நடக்கிற பெரிய சண்டைகள் எல்லாம் யார் பணம் யாருக்குப் போகிறது என்பதில்தான் வந்து நிற்கின்றன.

1960 அக்டோபர் 1 சுதந்திரம். 1966ல் ராணுவப் புரட்சி, பிரதமர் பலேவா கொல்லப்பட்டார், அதே வருடம் எதிர்ப்புரட்சி, வடக்கில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1967ல் இக்போக்கள் வாழும் கிழக்குப் பகுதியை அதன் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு பியாஃப்ரா என்று தனிநாடாக அறிவித்தார், உள்நாட்டுப் போர் மூண்டது. 1970 ஜனவரியில் போர் முடிவதற்குள் செத்தவர்கள் பத்து லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள், அதில் பெரும்பாலோர் பட்டினியால் செத்தவர்கள். போர் முடிந்ததும் பியாஃப்ரா பணத்தை மாற்ற வந்த இக்போக்காரருக்கு, எவ்வளவு வைத்திருந்தாலும், 20 பவுண்டுதான் கிடைத்தது.

அந்த 20 பவுண்டிலிருந்து அவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதை நான் லாடிப்போ சந்தையில் பார்த்தேன். லாகோஸில் பழைய வண்டி உதிரி பாகம் விற்கிற பெரிய சந்தை அது. எங்கள் கம்பெனி லாரிகளுக்கு ஒரு இக்போ வியாபாரியிடம்தான் வாங்குவோம், பில் சரிபார்க்க நான் போவேன். அவர் கடையில் ஒரு பையன், டீசல் துணியால் ஷாக் அப்சார்பரைத் துடைத்துக்கொண்டே எந்த மாடலுக்கு எந்த கிளட்ச் பிளேட், என்ன விலை என்று சீட்டைப் பார்க்காமல் சொல்வான். சம்பளம் கிடையாது. சாப்பாடு, தங்க இடம், தொழில், அவ்வளவுதான். செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையன் கதை தெரிந்தவர்களுக்கு இது பிடிபடும். பேசிய வருடங்கள் முடிந்ததும் முதலாளி அவனுக்கு முதல் போட்டுக் கடை வைத்துக் கொடுக்க வேண்டும். அதை அங்கே 'செட்டில்' பண்ணுவது என்பார்கள். அந்த நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பெரியவர் ஒருவர் கோலா கொட்டையை உடைத்து ஜெபம் சொன்னார், பையன் மண்டியிட்டான், வியாபாரி பணக்கட்டையும் சாவியையும் எல்லார் முன்னாலும் கொடுத்தார். கடை எங்கே என்கிறீர்கள்? இரண்டு வரிசை தள்ளி, அதே கிளட்ச் பிளேட் வியாபாரம். தனக்குப் போட்டியாளரைத் தன் காசிலேயே உருவாக்குகிறார். எழுதின பத்திரம் எதுவும் அங்கே என் கண்ணில் படவில்லை.

ஆட்சி பற்றி: 1999லிருந்து தொடர்ந்து தேர்தல்தான், ராணுவ ஆட்சி இல்லை. அமெரிக்கா மாதிரி அதிபர் முறை, 36 மாநிலங்கள், தலைநகர் 1991லிருந்து அபுஜா. அதிபராக வேண்டுமென்றால் மொத்த ஓட்டு அதிகம் வாங்கினால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் தலா 25 சதவீதமாவது வாங்க வேண்டும். ஒரே இனத்தின் ஓட்டை வைத்து ஜெயிக்கக்கூடாது என்பதற்காக. 2015 தேர்தலுக்குக் கலவரம் வரும் என்று நாங்கள் அரிசியும் தண்ணீரும் வாங்கி அடுக்கியிருந்தோம். பதவியில் இருந்த அதிபர் ஜோனதன், எதிர்த்து நின்ற புஹாரிக்கு அவரே போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டார். அங்கே பதவியிலிருக்கும் அதிபர் தேர்தலில் தோற்றது அதுதான் முதல் தடவை. அடுக்கிய அரிசியை மாதக்கணக்கில் சாப்பிட்டோம்.

பொருளாதாரத்துக்கு வந்தால் எண்ணெய். 1956ல் தெற்கே நைஜர் ஆற்று டெல்டாவில், ஒலோய்பிரி என்ற ஊரில் கிடைத்தது. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி அதுதான், ஆனால் உள்நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தப் பணம் அபுஜாவில் மாதாமாதம் மத்திய அரசு, மாநிலங்கள், உள்ளாட்சிகள் என்று பிரியும், எண்ணெய் எடுக்கிற மாநிலங்களுக்குத் தனியாக 13 சதவீதம். மண் பாழாகிறது என்று டெல்டாவில் போராடிய கென் சாரோ விவாவை 1995ல் தூக்கில் போட்டார்கள். கச்சா எண்ணெய் விற்கிற நாடு பெட்ரோலை இறக்குமதி செய்துகொண்டிருந்தது, லாகோஸ் பங்க்குகளில் மணிக்கணக்கில் வரிசை. இப்போது தொழிலதிபர் டாங்கோட்டேயின் சுத்திகரிப்பு ஆலை, நாளுக்கு 6.5 லட்சம் பீப்பாய் அளவுக்கு, 2024லிருந்து ஓடுகிறது. வரி கொடுக்கிற ஜனத்தை நம்பி அரசு இல்லை, அதனால் ஜனமும் அரசை எதிர்பார்ப்பதில்லை என்பதுதான் நான் கண்டது. கரண்டுக்கு ஜெனரேட்டர், தண்ணீருக்கு ஆழ்குழாய், காவலுக்கு வாட்ச்மேன், எல்லாம் சொந்தச் செலவு. கரண்ட் வந்தால் தெருவே "அப் நேப்பா!" என்று கத்தும், நேப்பா என்ற அந்த மின்வாரியத்தைக் கலைத்து வருடங்கள் ஆன பிறகும்.

நைஜீரியாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள். வடகிழக்கில் போகோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பு, அது 2014ல் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தியது, நெடுஞ்சாலைக் கடத்தல்கள், எல்லாம் உண்மை. ராத்திரியில் ஊர் விட்டு ஊர் நான் போனதே கிடையாது.

ஆனால் அங்கே என்னை ஏமாற்றியவர் நைஜீரியர் இல்லை. என் முதலாளி, நம் ஊர்க்காரர். நான் போய்ச் சேர்ந்த வாரமே பாஸ்போர்ட்டை "பத்திரமா இருக்கட்டும் தம்பி" என்று வாங்கி லாக்கரில் வைத்தார். சம்பளத்தில் பாதி நைராவில், அதாவது அந்த நாட்டுப் பணத்தில். 2016 ஜூனில் மத்திய வங்கி நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டபோது டாலருக்கு 200க்குப் பக்கத்தில் இருந்தது ஒரே நாளில் 280 ஆனது, என் சேமிப்பில் அவ்வளவு போச்சு. ஏற்றித் தாருங்கள் என்றால் "எல்லாருக்கும்தானே" என்றார். கிளம்பும்போது தர வேண்டிய பணத்தை இன்றுவரை தரவில்லை. படிக்காத லாடிப்போ வியாபாரி கடைப் பையனுக்குச் செய்ததை, எம்பிஏ படித்த இவர் எனக்குச் செய்யவில்லை. இதை நான் ஆறவே விடமாட்டேன்.

ஆகவே வேலைக்குப் போவதானால், சம்பளம் முழுவதும் டாலரில், இந்தியக் கணக்குக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2023ல் 460 நைராவாக இருந்த டாலர் அடுத்த வருடமே 1500ஐத் தாண்டியது, மறக்க வேண்டாம். பாஸ்போர்ட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அட்டையைக் கையிலேயே வையுங்கள், திரும்பி வரும்போது அது இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.