பிரிக்காத பழைய கார்டு பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை?

போக்கிமான், பேஸ்பால் போன்ற சேகரிப்புக் கார்டுகள் சின்ன பாக்கெட்டுகளாக ஒரு பெட்டியில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கடைக்கு வரும். அந்தத் தாள் இன்றுவரை கிழியாத பழைய பெட்டிதான் ‘சீல்டு பாக்ஸ்’. 1999-ல் வந்த போக்கிமான் முதல் பதிப்புப் பெட்டியில் 36 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 11 கார்டு. அதில் ஒன்று 2021-ல் அமெரிக்க ஏலத்தில் 4,08,000 டாலருக்குப் போனது.

குழந்தைகள் வாங்கியதே பிரிப்பதற்குத்தான், அதனால் பிரிக்காமல் தப்பியவை கொஞ்சம், அதிலும் யாராவது ஒன்றைப் பிரித்தால் உலகத்தில் ஒன்று குறைந்தது, திரும்ப வராது. இன்னொன்று, உதிரி பாக்கெட்டை எடை போட்டே உள்ளே மினுமினுப்புக் கார்டு இருக்கிறதா என்று கண்டுபிடித்து நல்லதைப் பொறுக்கிவிடுவார்கள். முழுப் பெட்டியில் அந்தக் கை படவில்லை.

எங்கள் செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு போய் கேரளா லாட்டரி வாங்குகிறவர்களைப் பாருங்கள். குலுக்கல் வரைக்கும் சீட்டு கசங்காமல் சட்டைப் பையில் இருக்கும்; முடிவு வந்ததும் பஸ் ஸ்டாண்டுத் தரையில் கிடக்கும். பிரிக்காத பெட்டி என்பது குலுக்கல் இன்னும் நடக்காத சீட்டு.

அப்புறம், பழசு என்றாலே விலை என்று நினைக்காதீர்கள்: 1980-களின் கடைசியில் பேஸ்பால் கார்டுகளை அளவில்லாமல் அச்சடித்ததால், அந்தக் காலத்துப் பெட்டிகள் பல, சீல் பிரியாமலே இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.