நாற்றம், பிசுக்கு, நெற்றியோர வழுக்கை: லாக்ஸ் கேள்வி-பதில்

முடி சிக்கிப் பூட்டிக்கொண்டு கயிறு கயிறாகத் தொங்கும் லாக்ஸ் (ட்ரெட்லாக்ஸ்) பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "இதற்கு என்ன தடவுவது?" பெரும்பாலும் பதில் "ஒன்றும் வேண்டாம்" என்பதே. மற்றக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறோம். கீழே "புரி" என்று வருவது ஒற்றை லாக்.

மகளுக்கு ஏழு வயது. அவள் அப்பா ஜமைக்காக்காரர். முடி அவர் பக்கத்து முடி, இறுக்கமான சுருள். அத்தையைப் போல லாக்ஸ் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். எப்படித் தொடங்குவது?
— வாசகி, ஸ்கார்பரோ

இழுத்துப் பிடித்தால் 8 முதல் 10 செ.மீ. நீளம் இருந்தால் போதும். 5 செ.மீ. முடியிலேயே சீப்பால் சுருட்டித் தொடங்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஓடியாடும் பிள்ளைக்கு அது இரண்டு தடவை குளித்தாலே பிரிந்துவிடும். இரண்டு இழை முறுக்குதான் நிற்கும்.

முறுக்குவதற்கு முன் தடிமனைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வகிடெடுக்கும் கட்டம் எவ்வளவோ, பிற்காலத்தில் புரியும் ஏறக்குறைய அவ்வளவு. ஏழு வயதுத் தலைக்கு 1.5 முதல் 2 செ.மீ. சதுரக் கட்டம் சரியாக இருக்கும். படத்தில் அழகாக இருக்கிறதே என்று பென்சில் தடிமனுக்கு எடுத்தால், புரி முதுகு வரை வளர்ந்து எடை கூடும்போது அந்த மெல்லிய அடியால் தாங்க முடியாது. மெல்லிய இரண்டைப் பின்னால் ஒன்றாக்கலாம். தடித்த ஒன்றைப் பிரிப்பதுதான் பாடு. கட்டங்களை நேர்வரிசையாக எடுக்காமல், மேல்வரிசைக் கட்டத்தின் நடுவில் கீழ்வரிசை வகிடு வருவதுபோல, செங்கல் அடுக்கும் முறையில் மாற்றி மாற்றி எடுங்கள். புரிகள் தொங்கும்போது மண்டை தெரியாது.

பிசுக்கு நீக்கும் ஷாம்பூவால் இரண்டு முறை அலசுங்கள். கண்டிஷனர் போடாதீர்கள், வழுக்கும் முடி சிக்கிக்கொள்ளாது, சிக்கினால்தான் லாக். சிக்கெடுத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே பிடரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்டம் எடுத்து, மற்ற முடியை கிளிப்பில் ஒதுக்கி, தண்ணீர் தெளித்து, பட்டாணி அளவு கற்றாழை ஜெல்லை அடியிலிருந்து நுனிவரை இழுத்துவிடுங்கள். இரண்டாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக நுனிவரை முறுக்குங்கள். தலை முழுக்க ஒரே திசையில் முறுக்க வேண்டும். முடிந்ததும், தலைமேல் கவிழும் ட்ரையரில் மிதமான சூட்டில் 45 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரமாவது பிடிக்கும். பிள்ளையை ஒரே மூச்சில் உட்காரவைக்காமல் இரண்டு நாளாகப் பிரித்தாலும் கெட்டுப்போகாது.

முதல் அலசல் மூன்று வாரம் கழித்து. மெல்லிய வலைத்தொப்பி போட்டு அதன்மேலேயே ஷாம்பூ நுரையை அழுத்தி அழுத்தி அலசுங்கள், தேய்க்க வேண்டாம். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் முறுக்கு உப்பும், பரட்டையாகும், நீளம் குறைந்ததுபோலத் தெரியும். விரலால் உருட்டிப் பார்த்தால் நடுவில் மிளகளவு கட்டி தட்டுப்படும். முடி பூட்டிக்கொள்ளத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சமயம் பார்த்து "பரட்டையாக இருக்கிறதே" என்று அவிழ்த்து மறுபடி முறுக்குவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. கட்டி கலைந்து கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நுனிவரை முழுதும் இறுக ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும்.

லாக்ஸ் வைத்தால் தலைக்கு ஊற்றக் கூடாதாமே? அம்மா வாராவாரம் தேங்காயெண்ணெய் வைத்து சீயக்காய் போடச் சொல்கிறார். எனக்கோ பொடுகு.
— வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும். அழுக்கு முடிதான் பூட்டும் என்பது பழைய கட்டுக்கதை; எண்ணெயும் பிசுக்கும் முடிகளை வழுக்கவிடுகின்றன, சுத்தமான முடியே நன்றாகப் பற்றும். பத்து நாளுக்கு ஒரு முறை, வியர்த்தால் வாரம் ஒரு முறை.

மூக்கு வைத்த பாட்டிலில் ஒரு பங்கு ஷாம்பூவுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, வகிடு வகிடாக மண்டையில் விட்டு விரல் நுனியால் தேயுங்கள். கெட்டியாக ஊற்றிய ஷாம்பூ புரிக்குள் தங்கிவிடும். புரிகளுக்குத் தனியாகத் தேய்ப்பு வேண்டாம், வழிகிற நுரையே போதும். கையால் பிழிந்து பிழிந்து, பிழியும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பொடுகுக்கு 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை மண்டையில் 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலசலாம். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம்.

அம்மாவின் சீயக்காய் நல்லதுதான், ஆனால் லாக்ஸுக்கு அல்ல. பொடியின் துகள் புரிக்குள் போனால் சீப்பு போக முடியாத இடத்தில் நின்றுவிடும். மாதம் கழித்தும் பழுப்பாக உதிரும். காய்ச்சி, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடித்த தண்ணீர் என்றால் சரி. மருதாணிப் பொடிக்கும் இதே விதி. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது. லண்டன் குளிரில் புரிக்குள்ளே உறைந்து தூசியைப் பிடித்துவைக்கும். எண்ணெய் வைத்தே தீர வேண்டுமென்றால் ஹோஹோபா மாதிரி எளிதில் உறையாத எண்ணெயில் நாலைந்து சொட்டு, மண்டைக்கு மட்டும். பொடுகு அடங்கும்வரை அதுவும் வேண்டாம்.

நனைந்தால் என் லாக்ஸில் ஈரத்துணி நாற்றம் வருகிறது. காய்ந்ததும் போய்விடுகிறது. வாசனை எண்ணெய் போட்டும் திரும்ப வருகிறது.
— வாசகி, மில்டன் கீன்ஸ்

அது பூஞ்சணம். புரியின் வெளிப்புறம் காய்ந்து, நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும்போது உருவாவது. தோள்வரை நீண்ட தடித்த புரி தானாகக் காய எட்டு மணி நேரமும் ஆகும். இரவில் குளித்துவிட்டு சாட்டின் தொப்பி போட்டுத் தூங்குகிறவர்களுக்கும், ஈரத்தோடு கொண்டை போடுகிறவர்களுக்கும்தான் பெரும்பாலும் இது வருகிறது. வாசனை எண்ணெய் நாற்றத்தை மூடும், ஈரத்தையும் சேர்த்து மூடும்.

காலையில் குளியுங்கள். அலசியதும் நாலைந்து புரியாகச் சேர்த்து மைக்ரோஃபைபர் துண்டில் சுற்றி முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். பிறகு ட்ரையரில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். காய்ந்துவிட்டதா என்று தெரிய, பிடரியில் உள்ள தடித்த புரியின் நடுவை டிஷ்யூத் தாளில் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். தாள் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

இப்போது இருக்கும் நாற்றத்துக்கு: அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர், ஐந்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசி, அதே முறையில் முழுக்கக் காயவிடுங்கள். மூன்று அலசலுக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட புரி மட்டும் நாறினால், அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே கருத்தோ சாம்பலாகவோ புள்ளிகள் இருந்தால் அந்த இடம்வரை வெட்டுவதுதான் வழி. மனசு கேட்காதுதான்.

புரிக்குள் வெள்ளையாகத் தெரிகிறது. பஞ்சா, மெழுகா? கடையில் தேன்மெழுகு கலந்த லாக் வாக்ஸ் தந்தார்கள்.
— வாசகர், பாரிஸ்

ஹேர் ட்ரையரைக் காட்டுங்கள். பளபளத்துப் பிசுபிசுத்தால் மெழுகு. மாறாமல் நூல் நூலாக நின்றால் பஞ்சு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் ஷாம்பூ அல்லது ஜெல் மிச்சம்.

தேன்மெழுகு உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டுத் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடியாது, ஷாம்பூவிலும் கரையாது. லாக்ஸுக்கு என்று இதை விற்பதைக் கடைக்காரர்கள் இனியாவது நிறுத்தட்டும். மேலோட்டமாக இருப்பதை, மிதமாகச் சூடாக்கித் தாள்துண்டில் ஒற்றி ஒற்றிக் கொஞ்சம் எடுக்கலாம். ஆழத்தில் போனது முடி வளர்ந்து நுனி வெட்டும்போதுதான் போகும்.

ஜெல் மிச்சத்துக்கு ஊறல் உதவும். இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, புரிகளை 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அதன்பிறகே, தனிப் பாத்திரத்தில், மேலே சொன்ன வினிகர் தண்ணீர். சிலர் இரண்டையும் ஒரே வாளியில் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட நுரை அது. மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். சோடா முடியை வறட்டும். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், சாயம் போட்ட முடிக்கு அறவே வேண்டாம்.

பஞ்சு உள்ளே முடியோடு பின்னிவிட்டது என்றால் எடுக்க முயன்று புரியைக் கிழிக்காதீர்கள். டர்க்கித் துண்டையும் கம்பளித் தொப்பியையும் விட்டொழித்தால் புதிதாகச் சேராது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சலூனில் ரீட்விஸ்ட் (வேரோரம் புதிதாக வளர்ந்த முடியை மறுபடி முறுக்குவது) செய்கிறேன். நெற்றியோரம் முடி குறைகிறது. இன்டர்லாக்கிங்குக்கு மாறலாமா?
— வாசகி, பிராம்ப்டன்

முதலில் இடைவெளியை மாற்றுங்கள். மாதத்துக்கு முடி வளர்வது ஏறக்குறைய ஒரு செ.மீ.; இரண்டு வாரத்தில் வளர்ந்த அரை செ.மீ.யை முறுக்கினால், முறுக்குவது வளர்ச்சியை அல்ல, வேரை. ஐந்து, ஆறு வாரம் விடுங்கள். முறுக்கிய அன்று தலை வலித்தாலோ, புருவம் இழுபட்டாலோ, ஓரத்தில் வெள்ளைப் பொரி கிளம்பினாலோ அது இறுக்கம்தான். "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று சலூனில் சொல்வதை ஏற்காதீர்கள். இழுவையால் வரும் முடி உதிர்வு ஆரம்பத்தில் நிறுத்தினால் திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது. தோல் மருத்துவரை இப்போதே பாருங்கள். ஓரத்துப் புரிகளை மூன்று மாதம் முறுக்காமல் விடுங்கள். மிகவும் மெலிந்ததைப் பக்கத்துப் புரியோடு சேர்த்துவிடுங்கள்.

இன்டர்லாக்கிங் வியர்வைக்கும் நீச்சலுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதுவும் இறுக்கமே. புரியின் நுனியைக் கொக்கியால் வேருக்குள் நுழைத்து வெளியே இழுப்பது முறை. கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று திசை மாற்றி மாற்றி நான்கு பக்கமும் நுழைக்க வேண்டும். ஒரே திசையில் இரண்டு முறை இழுத்தால் அடியில் ஓட்டை விழுந்து, புரி இரு கால் வைத்து நிற்கும். மண்டையை ஒட்டிக் கடைசி இழுப்பு வேண்டாம், அரை செ.மீ. விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் நிலையில், ஓரம் தேறும்வரை மாற வேண்டாம்.

தங்கை கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறேன். லாக்ஸ் தோளுக்குக் கீழே. பட்டுச் சேலைக்கு ஏற்றபடி என்ன செய்யலாம்?
— வாசகி, ஹாரோ

தாழ்ந்த கொண்டைதான் எடுப்பு. முந்தைய நாள் காலை குளித்து, புரிகள் முக்கால்வாசி காய்ந்ததும் மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னிவிடுங்கள். முழுக்கக் காய்ந்து மறுநாள் அவிழ்த்தால் அலையலையாக விழும். முன்புறப் புரிகளை இரு பக்கமும் கயிறு முறுக்காகப் பின்னுக்குக் கொண்டுபோய், மிச்சத்தைப் பிடரியில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், உங்கள் புரியிலேயே நீண்ட ஒன்றை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகினால் போதும். சாதாரண ஹேர்ப்பின் தடித்த புரியில் பிடிக்காது. யு வடிவப் பெரிய ஊசி ஆறு அல்லது எட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மல்லிகைச் சரத்தை ஊசியால் கொண்டையின் மேல் வளையமாக மாட்டுங்கள், புரிக்குள் செருக வேண்டாம். படுப்பதற்குமுன் எடுத்துவிடுங்கள், வாடிய இதழ் புரிக்குள் பொடியானால் பொறுக்க முடியாது. தலை இழுத்தால் அன்றிரவே அவிழ்க்கவும்.

நேரான முடிக்கு லாக்ஸ் வருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

வரும், மெதுவாக. 20 செ.மீ.யாவது நீளம் வேண்டும். பின்னோக்கிச் சீவி, 0.5 அல்லது 0.75 மி.மீ. குரோஷே ஊசியால் இழுத்து இழுத்துச் செய்வார்கள். தொடங்கும்போதே நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். வேர்ப்பகுதி தானாகப் பூட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி ஊசி வேலை தேவைப்படும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முடி அறுபடும்.

டெக்சாஸில் மகனுக்கு லாக்ஸ். பள்ளியில் வெட்டச் சொல்வார்களா?
— வாசகி, ஹூஸ்டன்

டெக்சாஸில் கிரௌன் சட்டம் 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. லாக்ஸ், பின்னல், முறுக்கு என்ற காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது. ஆனால் நீளம் வேறு கதை. ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு பள்ளி மாவட்டத்தில், ஆண்பிள்ளைகளின் முடி அவிழ்த்துவிட்டால் புருவம், காதுமடல், காலருக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற விதி சட்டத்தை மீறவில்லை என்று 2024 பிப்ரவரியில் மாநில நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகவே மேலே தூக்கிக் கட்டினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். உங்கள் பள்ளிக் கையேட்டில் நீளம் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள்.

மொட்டையடிக்காமல் லாக்ஸைப் பிரிக்க முடியுமா?
— வாசகர், மார்க்கம்

முடியும். புரியை 10 செ.மீ. விட்டு வெட்டிவிட்டால் வேலை பாதியாகும். கண்டிஷனரில் ஊறவைத்து, இரும்புக் கம்பி வால் உள்ள சீப்பால் நுனியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திப் பிரிக்க வேண்டும். ஒரு புரிக்கு 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். கைநிறைய முடி வரும், பயப்படாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிர்வதுதான். லாக்ஸில் அது கீழே விழாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கும். பிரித்த முடிக்கு முதல் இரண்டு வாரம் சாயமோ ஸ்ட்ரெய்ட்னரோ வேண்டாம்.