‘முதல் லாப்பிலேயே ஃபுல்’ என்கிறான் மகன், தட்டி வைக்கவா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சில வருடங்களாக கார்ட்டிங் (சிறிய திறந்த ரேஸ் வண்டி) ஓட்டுகிறான். அடுத்த சீசனில், கார் ரேஸிங்கின் தொடக்கப் படியான ஃபார்முலா 4-க்கு மாறப் போகிறான். திறமை இருக்கிறது, பயம் என்பதே இல்லை. “புது டிராக்கா இருந்தாலும் முதல் லாப்பிலேயே ஃபுல்லாதான் போவேன்” என்கிறான். மெர்சிடீஸ் டீமின் இத்தாலிய ஓட்டுநர் கிமி ஆன்டனெல்லி என்றால் அவனுக்கு உயிர். 18 வயதில் ஃபார்முலா 1-க்கு வந்து முதல் ரேஸிலேயே நான்காவதாக முடித்த அதே ஆன்டனெல்லி, சீசன் நடுவில் வாரத்துக்கு வாரம் சறுக்கியதையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு தன்னம்பிக்கை நல்லதுதானா? கொஞ்சம் தட்டி வைக்கவா? மோசமாக ஓட்டிய நாளில் அவனிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. பிளஸ் டூவை விட்டுவிட்டு முழுநேரம் ரேஸிங்தான் என்று வேறு அடம் பிடிக்கிறான்.
– கோவை வாசகர்

பதில்: தட்டி வைக்காதீர்கள். இந்த விளையாட்டில் மேலே போனவர்களில் பெரும்பாலானோர் அந்த வயதில் உங்கள் மகனைப் போலத்தான் பேசியிருப்பார்கள். எல்லோரும் பிரேக் மிதிக்கும் இடத்தைத் தாண்டி இன்னும் சில மீட்டர் போக முடியும் என்று நம்பாதவர் ரேஸ் காரில் ஏறிப் பயனில்லை. ஆனால் புது டிராக்கில் முதல் லாப்பிலேயே முழு வேகம் என்கிறானே, அதைப் பற்றி மட்டும் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். அவனுக்குப் பிடித்த ஆன்டனெல்லியை வைத்தே பேசலாம்.

2024 ஆகஸ்ட் 30, இத்தாலியின் மோன்சா. ஆன்டனெல்லிக்கு 18 வயது நிறைந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஜார்ஜ் ரஸ்ஸலின் மெர்சிடீஸ் காரில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், ஃபார்முலா 1 வார இறுதியில் முதல் பிராக்டிஸ். எடுத்த எடுப்பிலேயே நேரப்பட்டியலின் மேலே போய் நின்றார். பத்து நிமிடம் முடிவதற்குள் கடைசி வளைவான பரபோலிகாவில் கார் சுழன்று தடுப்பில் மோதியது. அன்று அவர் அங்கே நிரூபிக்க எதுவுமே இல்லை. ஏழு முறை உலக சாம்பியனான ஹாமில்டன் விட்டுச்செல்லும் இடம் அவருக்குத்தான் என்பதை மெர்சிடீஸ் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. விபத்து நடந்த மறுநாளே அதை அறிவிக்கவும் செய்தது. டீம் தலைவர் டோட்டோ வோல்ஃப் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகமான பையனைக் கொஞ்சம் நிதானப்படுத்துவது எளிது, மெதுவான பையனை வேகமாக்குவதுதான் கடினம் என்பது அவர் கணக்கு. உங்களுக்கும் அதே கணக்கு பொருந்தும்.

சரி, அந்த நிதானம் எப்படி வந்தது? 2025-இன் தொடக்கத்தைப் பாருங்கள். மெல்போர்னில் மழை. அனுபவசாலிகளே சுவரில் மோதிக்கொண்டிருந்த ரேஸில் 16-ஆவது இடத்தில் புறப்பட்டு நான்காவதாக வந்தார். சுஸூகாவில் சில லாப்கள் முன்னிலையில் ஓடி, ஃபார்முலா 1 வரலாற்றிலேயே மிகக் குறைந்த வயதில் ரேஸில் முன்னிலை பெற்றவர் ஆனார். மயாமியில் ஸ்பிரின்ட் எனும் குறுகிய ரேஸுக்கான தகுதிச்சுற்றில் முதலிடம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்போர்னில் முந்தைய வருடம் ஃபார்முலா 2 ஓட்டியிருந்தார், ஆனால் சுஸூகாவும் மயாமியும் அவருக்குப் புதியவை. அதிலும் மயாமி ஸ்பிரின்ட் வார இறுதி; ஒரே ஒரு பிராக்டிஸ்தான். அப்புறம் சீசன் ஐரோப்பாவுக்கு வந்தது. இமோலா, மொனாக்கோ, பார்சிலோனா, ஆஸ்திரியா, சில்வர்ஸ்டோன், ஸ்பா என்று, ஃபார்முலா 1-க்கு முந்தைய படியான ஃபார்முலா 2-இலும் அதற்கு முந்தைய பிரிவுகளிலும் அவர் ஓட்டிப் பழகிய டிராக்குகள். அங்கேதான் சறுக்கல். நடுவில் கனடாவில் மட்டும் மூன்றாமிடம். கனடாவும் அவருக்குப் புது டிராக்தான்.

நன்கு தெரிந்த இடத்தில் ஏன் தடுமாற வேண்டும்? என் கருத்து இது. புது டிராக்குக்குப் போனால் எவரும் படிப்படியாகத்தான் ஏறியாக வேண்டும். முதல் சில லாப்களில் பிரேக்கை முன்கூட்டியே மிதித்து, காரின் பின்பக்கம் என்ன செய்கிறது என்று பார்த்து, அப்புறம் மீட்டர் மீட்டராகத் தள்ளிப் போவார்கள். தெரிந்த டிராக்கிலோ, போன வருடம் வேறொரு காரில் கண்ட எல்லையிலிருந்தே தொடங்கிவிடத் தோன்றும். ஃபார்முலா 2 கார் ஏறக்குறைய 620 குதிரைத்திறன். ஃபார்முலா 1 காரில் ஆயிரத்தைத் தொடும். டயர் தயாராகும் விதம் வேறு, பிரேக்கில் கிடைக்கும் பிடிப்பு வேறு. மனதில் பதிந்த அடையாளங்களில் பாதி அங்கே செல்லாது.

ஆனால் முழுப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயமில்லை. இதை உங்கள் மகனிடம் விரிவாகவே சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் அவன் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இங்கேதான். இமோலாவில் மெர்சிடீஸ் காருக்குப் புதிய பின்பக்க சஸ்பென்ஷன் கொண்டுவந்தது. வளைவுக்குள் நுழையும்போது காரின் பின்பகுதியை நம்ப முடியாமல் போனது. பின்பக்கம் எப்போது வழுக்கும் என்று தெரியாத கார் ஓட்டுநரை என்ன செய்யும் தெரியுமா? பிரேக்கைச் சில மீட்டர் முன்னதாக மிதிப்பார். வளைவில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் காற்று காரைத் தரையோடு அழுத்துவது குறையும், டயரிலும் போதுமான சூடு ஏறாது. பிடிப்பு இன்னும் குறையும். அடுத்த லாப்பில் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் போகும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, பையன் பயந்துவிட்டான் என்று தோன்றும்.

டீமின் இன்னொரு ஓட்டுநரான ரஸ்ஸலும் அந்தக் காரோடு மல்லுக்கட்டினார். ஆனால் அவருக்குப் பல சீசன் அனுபவம். கார் மாறிவிட்டது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியும். புதிதாக வந்தவருக்கு அந்த வசதி இல்லை. தவறு தன்னிடமா, காரிலா என்று பிரித்தறிய அவரிடம் பழைய அளவுகோல் கிடையாது. என்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இல்லாத பிடிப்பை இருப்பதாக நம்பி இன்னும் வேகமாகப் போவார். ஆஸ்திரியாவில் முதல் லாப்பிலேயே பிரேக் மிதித்ததில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு, அப்போதைய உலக சாம்பியன் வெர்ஸ்டாப்பன்மேல் மோதினார். ஸ்பாவில் தகுதிச்சுற்றின் முதல் கட்டத்தையே தாண்ட முடியாமல், கலங்கிய முகத்தோடு பேட்டி கொடுத்தார். ஹங்கேரியில் மெர்சிடீஸ் பழைய சஸ்பென்ஷனுக்கே திரும்பியது. அங்கே அவருக்கு ஒரு புள்ளி கிடைத்தது.

என்னைக் கேட்டால், உயர்மட்டத்துக்குப் போகும் ஓட்டுநருக்கு வேண்டிய தன்னம்பிக்கை இதுதான்: “மூன்றாவது வளைவில் பிரேக்கை விடும் நேரத்தில் பின்பக்கம் போகிறது, போன ரேஸில் இப்படி இல்லை” என்று, தன்னைவிட இருபது வருடம் மூத்த என்ஜினியரிடம் தயங்காமல் சொல்வது. ஆன்டனெல்லியின் ரேஸ் என்ஜினியர் பீட்டர் போனிங்டன், ஹாமில்டனோடு ஆறு உலகப் பட்டங்களைப் பார்த்தவர். அவரிடம் போய் ஒரு 18 வயதுப் பையன் கார் சரியில்லை என்று சொல்ல வேண்டும். அதே மூச்சில், நான்காவது வளைவில் தப்பு என்னுடையது என்றும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் வலி எங்கே என்று சொல்லத் தெரியாவிட்டால் எந்த ஸ்கேனும் முழுசாக உதவாது, இங்கேயும் அப்படித்தான். டேட்டா எல்லாவற்றையும் காட்டும், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று ஓட்டுநர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமாக எல்லோரும் 2007 ஹாமில்டனைக் காட்டுவார்கள். முதல் ஒன்பது ரேஸிலும் முதல் மூன்று இடங்களுக்குள், பக்கத்து காரில் இரண்டு முறை உலக சாம்பியனான அலோன்சோ. உண்மைதான், பிரமாதமான சீசன். ஆனால் அப்போது சீசன் நடுவிலும் டெஸ்டிங் ஓட்ட அனுமதி இருந்தது. மெல்போர்னுக்குப் போகும் முன்பே ஹாமில்டன் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். ஆன்டனெல்லிக்குப் பழைய கார்களில் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அந்த வருடக் காரில் சீசனுக்கு முன் கிடைத்தது பஹ்ரைனில் மூன்றே நாள், அதையும் ரஸ்ஸலோடு பங்கு போட வேண்டும். மற்றதை உலகமே பார்க்க ரேஸ் வார இறுதிகளில்தான் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட ஹாமில்டனுக்கே ஷாங்காயில் என்ன ஆனது? டயர் உள்துணி தெரியும் அளவுக்குத் தேய்ந்த பிறகும் டீம் அவரை உடனே உள்ளே அழைக்கவில்லை. கடைசியில், டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் திரும்பும்போது ஓரத்துச் சரளைக்கல்லில் மாட்டிக்கொண்டார். பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ரைக்கோனனுக்குப் போனது. டயரின் நிலை ஓட்டுகிறவரின் கைக்கும் முதுகுக்கும்தான் முதலில் தெரியும். “இந்த லாப்பே உள்ளே வருகிறேன்” என்று முதல் வருடத்தில் அடித்துப் பேச அவருக்கே வாய் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் சென்னைக்காரர் கருண் சந்தோக்கை மகனுக்கு நினைவூட்டுங்கள். 2010-இல் பஹ்ரைனில் அவருடைய முதல் ஃபார்முலா 1 வார இறுதி. பிராக்டிஸ் நடக்கும்போது ஹெச்ஆர்டி டீம் அவர் காரை இன்னும் பூட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச்சுற்றில்தான். ரேஸில் இரண்டாவது லாப்பில் விபத்து. அடுத்து மெல்போர்னில் அதே மெதுவான காரை, ஐந்து லாப் பின்தங்கினாலும், முழு ரேஸும் ஓட்டி 14-ஆவதாக முடித்தார். பெயர் பெற்றுத்தரும் முடிவு இல்லைதான். ஆனால் இரண்டே வாரத்தில் அவர் எவ்வளவு கற்றிருப்பார் என்பது ரேஸிங் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, கியர் பெரும்பாலும் கிடையாது. ஃபார்முலா 4-இல் எல்லாமே உண்டு, கூடவே காற்றின் அழுத்தமும். அதனால் ஒரு பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள். ஒவ்வொரு செஷன் முடிந்ததும், நேரத்தையும் டேட்டாவையும் பார்ப்பதற்கு முன்பே, ஏதாவது மூன்று வளைவுகளைப் பற்றி நோட்டில் எழுதட்டும். நுழையும்போது கார் என்ன செய்தது, நடுவில் என்ன, வெளியே வரும்போது என்ன. அப்புறம் என்ஜினியரோடு உட்கார்ந்து டேட்டாவோடு ஒப்பிடட்டும். தொடக்கத்தில் நிறையத் தப்பாக எழுதுவான், பரவாயில்லை. எழுதியதும் டேட்டாவும் ஒத்துப்போகத் தொடங்கும்போது, யார் சொன்னாலும் அசையாத ஒரு தெம்பு வரும். முதல் லாப்பில் ஃபுல்லாகப் போக வேண்டும் என்ற துடிப்பு அதன்பிறகு தானாகக் குறையும். முதல் லாப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

மோசமான நாளில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். 2025 மெல்போர்னில் இசாக் ஹஜார் என்ற பையன், தன் முதல் ரேஸ் தொடங்குவதற்கு முன் வரும் ஃபார்மேஷன் லாப்பிலேயே காரைச் சுவரில் மோதினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழுதுகொண்டே நடந்து வந்தவரை ஹாமில்டனின் அப்பா ஆன்டனி போய் அணைத்துக்கொண்டார். தன் மகன்கூட இல்லை, வேறு டீம் பையன். அதே ஹஜார் ஆகஸ்டில் ஸாண்ட்வூர்ட்டில் மூன்றாவதாக வந்தார். நீங்களும் அன்றைக்கு அவ்வளவு செய்தால் போதும். ஏன் அங்கே பிரேக் மிதிக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்காதீர்கள். அதை என்ஜினியர் கேட்பார். சாப்பிட வையுங்கள், தூங்க விடுங்கள். இரண்டு நாள் கழித்து அவனே தொடங்கினால் பேசுங்கள்.

கண்டிப்பு வேண்டிய நேரமும் வரும். மோன்சாவில் ஒன்பதாவதாக வந்தபோது வோல்ஃப், இது போதாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அடுத்த ரேஸ் பாகுவில் ஆன்டனெல்லி நான்காவது. நவம்பரில் பிரேசிலில் இரண்டாவது, அதுவும் கடைசி லாப்களில் பின்னால் துரத்தி வந்த வெர்ஸ்டாப்பனைத் தடுத்து நிறுத்தி. சீசனை 150 புள்ளிகளோடு ஏழாவதாக முடித்தார். ஆனால் அந்தக் கடுமையான பேச்சு டீம் தலைவரிடமிருந்து வந்தது. அப்பா மார்க்கோவும் ரேஸ் ஓட்டியவர், சொந்தமாக டீம் நடத்துபவர். விமர்சிக்க அவருக்கு இல்லாத தகுதியா? இருந்தாலும் அந்த வேலையை டீம்தான் பார்த்தது. உங்கள் வீட்டிலும் அதைக் கோச்சிடமே விட்டுவிடுங்கள்.

பிளஸ் டூ விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆன்டனெல்லி ஃபார்முலா 1 சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இத்தாலியில் பள்ளி இறுதித் தேர்வு எழுதித் தேறியவர். மெர்சிடீஸ் ஓட்டுநருக்கே நேரம் கிடைத்தது என்றால் ஃபார்முலா 4-க்குப் போகும் பையனுக்கும் கிடைக்கும். அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் பள்ளியில் போய்ப் பேசி, ரேஸ் இருக்கும் வாரங்களுக்கு இப்போதே அனுமதி வாங்கி வையுங்கள்.