போர்ட் ஃபார்வர்டிங் செய்த பிறகும் நண்பர்களால் என் மைன்கிராஃப்ட் சர்வருக்குள் வர முடியவில்லை. என்ன தவறு?

வீட்டு வைஃபையில் சர்வர் ஓடுகிறது, ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டைத் திறந்தாயிற்று, வெளியில் இருப்பவர்களால் மட்டும் வர முடியவில்லை. இதே இடத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். போர்ட் ஃபார்வர்டிங் விதியை (வெளியிலிருந்து வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்வது) அழித்து அழித்துப் போட்டேன், ரவுட்டரை ரீசெட் கூடச் செய்தேன். கடைசியில் பார்த்தால் விதியில் கோளாறே இல்லை. அதனால் அதை மறுபடி தொடும் முன் இதைப் பாருங்கள்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) வேன் ஐபி அல்லது இன்டர்நெட் ஐபி என்று ஒரு எண் இருக்கும். விபிஎன் எதுவும் ஓடாதபோது, உங்கள் ஐபியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து, அது சொல்லும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் நல்லது. வேறு வேறு என்றால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு நேட் (ஒரே பொது முகவரியைப் பல சாதனங்களுக்குப் பகிர்ந்து தரும் அமைப்பு) இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு அங்கேயே நின்றுவிடும், நீங்கள் போட்ட விதி வரை வந்து சேராது.

வேன் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் அது சிஜிநேட், அதாவது இணைய நிறுவனமே நடத்தும் நேட். ஐபிவி4 முகவரிகள் போதாததால், இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண்கள் இவை. எனக்கு இருந்த சிக்கல் இதுதான். நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கியதும் பழைய விதி அப்படியே வேலை செய்தது. அவர்கள் தராவிட்டால் டெயில்ஸ்கேல் மாதிரி, கணினிகளைத் தனி வலையில் இணைக்கும் செயலி ஒன்றை எல்லாரும் நிறுவிக்கொள்ளலாம். அதற்கு எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் மோடமும் ஒரு ரவுட்டராக இயங்குகிறது என்று பொருள். அதை பிரிட்ஜ் மோடுக்கு (மோடம் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றுங்கள். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், நிறுவனத்திடம் கேட்டுவிடுவதே நேரம் மிச்சம்.

எண்கள் ஒன்றாகவே இருந்தால் விதியைப் பார்க்கலாம். ஜாவா பதிப்புக்கு போர்ட் 25565, புரோட்டோகால் டிசிபி. பெட்ராக் என்றால் 19132, யுடிபி. இதை மாற்றிப் போடுபவர்கள் நிறைய. சர்வர் ஓடும் கணினியின் உள் ஐபி மாறினாலும் விதி வேறு சாதனத்தைப் பார்த்து நிற்கும், ஆகவே ரவுட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் (ஒரு சாதனத்துக்கு எப்போதும் ஒரே உள் ஐபியைத் தரும் அமைப்பு) அதை நிலையாக்குங்கள். அப்புறம் விண்டோஸ் ஃபயர்வாலிலும் ஜாவாவுக்கு அனுமதி வேண்டும்.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். பல ரவுட்டர்களில் உள்ளிருந்தபடியே சொந்தப் பொது ஐபியை அணுக முடியாது, எல்லாம் சரியாக இருந்தாலும் தோல்வி என்றே காட்டும். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் தளங்களும் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆம் என்று சொல்லும்.

டிஎம்இசட்-ஐ ஆன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கணினியின் எல்லாப் போர்ட்டுகளையும் அது வெளியுலகுக்குத் திறந்துவிடும். ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து, சர்வரில் வொயிட்லிஸ்ட்டை ஆன் செய்து, நண்பர்களின் பெயர்களை மட்டும் சேர்த்தால் போதும்.