சட்டம் கேளுங்கள்: கடித்த நாய்க்கு யார் பொறுப்பு?

கேள்வி: பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் போன வாரம் என் 9 வயது மகனின் கெண்டைக்காலைக் கடித்துக் குதறிவிட்டது. அவர்கள் வீட்டு கேட் திறந்து கிடந்தது. "ஊசிச் செலவைத் தருகிறேன், எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார் உரிமையாளர். பையன்தான் சீண்டினான் என்றும் சொல்கிறார். நஷ்டஈடு கேட்க முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேட்கலாம். எதையும் இப்போது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை" என்று ஒரு வரி போதும், பிறகு தழும்புக்குச் செய்யும் சிகிச்சைச் செலவைக் கேட்கும்போது அதையே நீட்டுவார்கள்.

நாய் கடித்தது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. உரிமையாளரின் அசட்டையைக் காட்ட வேண்டும். திறந்து கிடந்த கேட், கட்டாத சங்கிலி, அதே நாய் முன்பு பால்காரரையோ தபால்காரரையோ விரட்டிய சம்பவம் என இவற்றில்தான் வழக்கின் பலம் இருக்கிறது. அதைப் பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. "சீண்டினான்" என்பது அநேகமாக எல்லா உரிமையாளரும் சொல்வதுதான். சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சின்னப் பிள்ளையின் விளையாட்டைக் காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வது சுலபமல்ல.

மருத்துவமனைச் சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். என்பார்கள்) பதியும்போது, அவசரத்தில் "தெரு நாய் கடி" என்று எழுதிவிடுவதுண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். அப்படி இருந்தால் பதிவு செய்த மருத்துவரிடம் உடனே எழுத்தில் மனுக் கொடுங்கள். தடுப்பூசித் தேதிகளையும் தவறவிடாதீர்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப் புரத மருந்து) போட வேண்டும். போட்டார்களா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி தவறினால் உயிருக்கே ஆபத்து. "சிகிச்சையை நீங்களே அலட்சியம் செய்தீர்கள்" என்ற வாதத்துக்கும் அது இடம் கொடுக்கும். காயத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தையல் பிரித்த பின்னும், தழும்பு நிலைத்த பின்னும் அதேபோல எடுங்கள்.

அடுத்து காவல் நிலையம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, விலங்கை அசட்டையாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பி வைக்கப் பார்ப்பார்கள். அது வழக்குப் பதிவு ஆகாது, எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

குற்ற வழக்கில் நீதிமன்றம் தண்டனையோடு இழப்பீடும் தர உத்தரவிட முடியும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உரிய தொகை வேண்டுமென்றால் வழக்கறிஞர் நோட்டீஸும், பலன் இல்லையென்றால் சிவில் வழக்கும்தான் வழி. பையனுக்காக நீங்கள் பாதுகாவலராக இருந்து தொடுக்கலாம். மருந்து பில், ஆட்டோ செலவு, நீங்கள் இழந்த சம்பளம், இனி ஆகப்போகும் சிகிச்சைக்கு மருத்துவர் எழுதித் தரும் மதிப்பீடு, பையனின் வலி, பயம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே தொகை போட்டுக் கேளுங்கள். மொத்தமாக "5 லட்சம்" என்று கேட்டால் கணக்கு எங்கே என்று கேட்பார்கள். உரிமையாளர் வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டிருந்தால் அழிக்காதீர்கள். அதைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். காலக்கெடு பொதுவாக 3 வருடம்.

வழக்கறிஞர் செலவுக்குக் கலங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பக்கத்து வீட்டு விவகாரம் என்பதால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிப்பது பல சமயம் நல்லது. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு கிடையாது. தையல் பிரிப்பதற்கு முன் போய் உட்காராதீர்கள்.

கேள்வி: தெரு நாய் கடித்தால் மாநகராட்சியிடம் பணம் கேட்க முடியுமா? ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது அது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000. சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைந்தது 20,000. நம் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டி வாதாடலாம், ஆனால் தமிழ்நாட்டில் அது கட்டாயம் அல்ல.

இங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பு கடமை தவறியதற்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) போடலாம். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் கடமை. அதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு, உங்கள் வார்டில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை ஆனது, கடி குறித்து எத்தனை புகார்கள் வந்தன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடிக்கு முன்பே அந்தத் தெருவிலிருந்து புகார் போயிருந்தால் அதன் எண் தங்கம் மாதிரி. கடித்தது எந்த நாய், எங்கே என்பதிலேயே தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். உள்ளாட்சி மீது வழக்கு என்றால் 3 வருடம் இருக்கிறது என்று உட்காராமல், ஒரு வருடத்துக்குள் தொடுப்பதே பத்திரம்.

கேள்வி: பார்சல் கொடுக்கப் போன வீட்டில் நாய் கடித்தது. "நாய் ஜாக்கிரதை" போர்டு இருக்கிறதே என்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்த போர்டு அவர்களுக்கே திரும்பும். நாயால் ஆபத்து வரும் என்று தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார்கள், தெரிந்தும் கட்டவில்லை. அவர்கள் ஆர்டர் செய்துதான் நீங்கள் போனீர்கள், அத்துமீறி நுழையவில்லை. ஆர்டர் விவரமும் நேரமும் தெரியும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போர்டையும் கேட்டையும் ஒரே படத்தில் எடுங்கள். உங்கள் நிறுவனம் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அதைத் தனியே கேளுங்கள். பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் தகவல் தராவிட்டால் அது தட்டிப்போகும்.